நீலகிரி ஏறிய எஞ்சின்



கொல்லிமலையின்மேல் வாசலூர்பட்டி என்றோர் ஊர் இருக்கிறது. ஏரியும் படகுத்துறையும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களும், அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளுமாக இருக்கும் ஊர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என் தொழில். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்துதான் எங்கள் மலைக்கு வரவேண்டும். பழக்கமில்லாதவர்கள் பாதி வழியிலேயே எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பிலே போக்குவரத்தைப் பற்றிப் பாடம் நடந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஐயா, ஊட்டி மலைக்கு இரயில் போகிறதே, நம் மலைக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டான். அவன் இரயில் வண்டியைப் படத்தில் பார்த்திருந்தானேயன்றி நேரில் பார்த்ததில்லை. "அங்கே வெள்ளைக்காரன் இருந்தான், இங்கே இல்லை" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது, பையன் சிரிக்கவில்லை. "அது சரி ஐயா, ஆனால் அந்த எஞ்சின் எப்படி ஏறுகிறது?" என்றான். எனக்கு விடை தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளாமல், "விசாரித்துச் சொல்லுகிறேன்" என்றேன். அந்த விசாரணையின் பயனைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலில் பாதையின் அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் அகலப் பாதை என்பது தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர் அகலம் உள்ளது. அதனினும் குறுகியது மீட்டர் பாதை, 1,000 மில்லிமீட்டர். அதற்கும் கீழே 762, 610 மில்லிமீட்டர் பாதைகளைத்தான் நம்மவர் குறுகிய பாதை என்கிறார்கள். உலக வழக்கிலோ 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்த எல்லாமே குறுகிய பாதைதான். அந்தக் கணக்கின்படி நீலகிரி மலைப்பாதையும், அது மீட்டர் பாதையானாலும், குறுகிய பாதைகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

எங்கள் பழைய சேலம் மாவட்டத்திலேயே உண்மையான குறுகிய பாதைகள் இரண்டு இருந்தன என்பதை உங்களில் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்று 1905ஆம் ஆண்டிலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒன்று 1906ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. இரண்டும் இரண்டரை அடிப் பாதைகள். பின்னது பிற்பாடு ஓசூர் வரைக்கும் நீண்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இரண்டுமே மறைந்துவிட்டன; தண்டவாளங்களையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் மலையடிவாரத்துக்கு அத்தனை அருகில் ஓடிய அந்தச் சிறு எஞ்சின்களை நினைத்துப் பார்ப்பவர் இன்று அரியர். நீலகிரி எஞ்சினோ இன்றும் ஓடுகிறது. ஒன்று மறைந்ததும் மற்றொன்று நிலைத்ததும் ஏன் என்பதே என் மனத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. அதற்கு வருமுன் பையனின் கேள்விக்கு விடை சொல்லவேண்டும்.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமவெளியில் அது பெரிய வரம். சிறு முயற்சியால் பெரும் பாரத்தை இழுத்துச் செல்லலாம். மலையிலோ அந்த வரமே சாபமாகிறது. நூறு அடி தூரத்துக்கு இரண்டு மூன்று அடி உயர்ந்தாலே சாதாரண எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். மழை பெய்து தண்டவாளம் நனைந்தாலோ சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இதற்கு வங்காளத்தில் ஒரு வழி கண்டார்கள். 1881இல் திறக்கப்பட்ட டார்ஜிலிங் பாதை இரண்டடி அகலமே உள்ளது. அது வளையம் வளையமாகச் சுற்றியும், முன்னும் பின்னுமாகக் கோணல்வழி மாறியும் ஏற்றத்தைத் தணித்துக்கொண்டு ஏறுகிறது. எஞ்சினின் முகப்பில் ஆட்கள் அமர்ந்து, சக்கரம் வழுக்கும் இடங்களில் தண்டவாளத்தின்மேல் மணலைத் தூவுவார்கள். மாட்டுக்கு லாடம் அடிப்பதுபோல எஞ்சினுக்கு மணல். கெட்டிக்காரத்தனமான வழிதான்.

நீலகிரியின் செங்குத்தான கிழக்குச் சரிவில் அது செல்லாது. மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த கல்லாற்றிலிருந்து குன்னூர் வரைக்கும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அதற்குள் பாதை சுமார் 1,300 மீட்டர் உயர்ந்தாகவேண்டும். கொல்லிமலையின் உயரம் முழுவதையும் இருபது கிலோமீட்டரில் ஏறிவிடுவதற்கு ஒப்பு இது. கடுமையான இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம்.

இத்தகைய ஏற்றத்துக்குப் பல்லுப் பாதை என்னும் உபாயத்தை வேறு நாட்டவர் முன்பே கண்டிருந்தார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மலையின்மேல் 1869லும், சுவிட்சர்லாந்தில் ரிகி மலையின்மேல் 1871லும் இத்தகைய பாதைகள் ஓடத் தொடங்கின. ரிகிப் பாதையை அமைத்தவர் நிக்லாஸ் ரிக்கன்பாக் என்னும் பொறியாளர். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஓர் இரும்பு ஏணியைக் கிடத்தி, அதன் படிகளில் எஞ்சினின் பற்சக்கரம் பிடித்துப் பிடித்து ஏறும்படி செய்தார் அவர். நம் வீட்டு ஏணியையே படுக்கவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரிக்கு இரயில் வேண்டும் என்ற பேச்சு 1854லேயே எழுந்தது. 1882இல் ரிக்கன்பாக்கே நீலகிரிக்கு வந்து, பார்த்து, செலவுக் கணக்கும் போட்டுக் கொடுத்தார். ஆனால் பணம் திரளவில்லை. 1891இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கிவைத்தார். மூன்று ஆண்டுகளில் கம்பெனி திவாலாகிவிட்டது. பிறகு மற்றொரு கம்பெனி தோன்றி வேலையை முடித்தது. 1899ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் குன்னூர் வரைக்கும் வண்டி ஓடியது. உதகமண்டலத்தை எட்டியது 1908இல். ஒரு மலையை ஏற அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது; அதில் பாறையோடு போராடிய காலத்தைவிடப் பணத்தோடு போராடிய காலமே அதிகம்.

இந்த நெடுங்கால தாமதத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. அதற்குள் ரிக்கன்பாக்கின் கீழ்த் தொழில் பயின்ற ரோமன் ஆப்ட் என்பவர் ஆசானின் ஏணியைவிடச் சிறந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். ஏணிக்குப் பதிலாகப் பல் வெட்டிய இரண்டு எஃகுப் பட்டைகளை அருகருகே பதித்தார். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் இடைவெளி வரும்படி அரைப் பல் தள்ளி வைத்தார். எஞ்சினின் கீழுள்ள பற்சக்கரங்களும் அவ்வாறே அமைந்தன. எந்த நொடியிலும் ஏதேனும் ஒரு பல் முழுப்பிடியாகப் பற்றியிருக்கும், ஓட்டம் சீராகும், பாரமும் பங்கிடப்படும். நீலகிரிக்குத் தேர்ந்தெடுத்தது இந்த ஆப்ட் முறையையே.

இனி நம் எஞ்சினுக்கு வருவோம். தொடக்க காலத்து எஞ்சின்கள் மான்செஸ்டர் நகரத்துப் பேயர் பீகாக் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. இன்று நாம் பார்க்கும் இனமோ சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து எஞ்சின் தொழிற்சாலையில் பிறந்தது. முதல் உலகப் போர் மூண்ட காலத்தில் தொடங்கி 1925 வரைக்கும் பன்னிரண்டும், 1952இல் ஐந்துமாக மொத்தம் பதினேழு வந்தன. இந்த இனத்துக்கு எக்ஸ் என்று பெயர். இயற்கணிதத்தில் விடை தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று பெயரிடுவோமல்லவா? என் மாணவர்களுக்கு அந்தப் பெயர் மிகப் பொருத்தமாகத் தோன்றியது.

இதன் அமைப்பை நான் புரிந்துகொண்டது புத்தகத்தால் அன்று. பையன்கள் பன்னிருவரை அழைத்துக்கொண்டு சென்ற கோடையில் மேட்டுப்பாளையத்துக்குப் போனேன். நடைமேடையில் நின்ற எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பிற எஞ்சின்களில் பக்கத்துக்கு ஓர் உருளை வெளியே தெரியும். இதிலோ ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உருளைகள். இரு பக்கமும் சேர்ந்து நான்கு. மாடிவீடு போலத் தோன்றியது. கீழ்வீட்டு உருளைகள் தண்டவாளத்தின்மேல் ஓடும் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேல்வீட்டு உருளைகள் நடுவிலுள்ள பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரைக்கும் சமதரை. அங்கே கீழ் உருளைகள் மாத்திரம் வேலை செய்யும். நீராவி அவற்றில் உழைத்துவிட்டுப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். கல்லாற்றைக் கடந்து பல்லுப் பாதை தொடங்கியதும் ஓட்டுநர் ஒரு திறப்பை மாற்றுகிறார். அப்போது கீழே உழைத்து ஓய்ந்த நீராவி வெளியே போகாமல் மேல் உருளைகளுக்குப் போய் மறுபடியும் உழைக்கிறது.

ஒருமுறை உழைத்த நீராவி விரிந்துவிடும். அதன் அழுத்தம் குறைந்து இடம் அதிகமாக வேண்டியிருக்கும். சாதாரணமாக அதற்குப் பெரிய உருளை வைப்பார்கள். மலைப்பாதை எஞ்சினில் அதற்கு இடமேது? ஆகையால் இடையே பற்சக்கரங்களைப் பொருத்தி, மேல் பிஸ்டன்கள் கீழ்ப் பிஸ்டன்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரைவாக ஓடும்படி செய்தார்கள். உருளையைப் பெரிதாக்காமல் ஓட்டத்தைப் பெருக்கிவிட்டார்கள். ஏற்றத்திலே எஞ்சினைப் பக்கத்தில் நின்று பார்த்தால் மேல் தண்டுகள் ஒரு தாளத்திலும் கீழ்த் தண்டுகள் வேறொரு தாளத்திலும் ஆடுவது கண்ணுக்கே தெரியும். கீழ்க்காலம், மேற்காலம் என்று சங்கீதம் கற்றவர்கள் சொல்லுவார்களே, அதை இரும்பில் கண்டேன்.

எஞ்சின் எப்போதும் வண்டியின் கீழ்ப்புறத்திலேயே இருக்கிறது. ஏறும்போது இழுப்பதில்லை, தள்ளுகிறது. பெட்டி எதுவும் கழன்று உருண்டு போகாதபடி இந்த ஏற்பாடு. ஒவ்வொரு பெட்டியிலும் தடைகாப்போர் ஒருவர் நிற்கிறார். முன்பெட்டியின் முகப்பில் நிற்பவர் கொடி காட்டினால்தான் பின்னாலிருக்கும் ஓட்டுநருக்கு வழி தெரியும். இறங்கும்போது ஆபத்து அதிகம். அப்போது உருளைகளுக்குள் காற்றை இழுத்து அமுக்கி, அந்த அமுக்கத்தையே தடையாகக் கொள்ளுகிறார்கள். இந்த உபாயத்தைக் கண்டவரும் நம் ரிக்கன்பாக்கே. ஏணி போய்விட்டது, அவருடைய தடை நின்றது.

பல்லுப் பாதையின் வாயிலில் வண்டி நடை வேகத்துக்குத் தணிந்தது. சுழன்று வரும் பல், கிடக்கும் பல்லின் இடைவெளியில் சரியாக விழவேண்டும். அதற்காகப் பட்டையின் முதல் துண்டை வில்லின்மேல் பொருத்தியிருக்கிறார்கள்; பல் மோதினால் அது சற்றுத் தாழ்ந்து கொடுத்து, பிடி கிடைத்ததும் எழும். அந்தக் கணத்தில் காலடியில் ஒரு சிறு அதிர்வு உண்டாயிற்று. கேள்வி கேட்ட பையன் என் கையைப் பிடித்து, "பிடித்துவிட்டது, ஐயா" என்றான். பிறகு ஹில்குரோவில் தண்ணீர் குடிக்க நிற்கும்வரை அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

குன்னூர்ப் பணிமனையில் அனுமதி பெற்று ஒரு மணி நேரம் இருந்தோம். குன்னூருக்கு மேல் பல்லுப் பாதை கிடையாது. அங்கிருந்து டீசல் எஞ்சின் பொறுப்பேற்கிறது. கேத்தி நிலையத்தைப் பார்க்கவேண்டும் என்று பையன்களில் சிலர் துடித்தார்கள். 1982இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை'யின் இறுதிக் காட்சியைப் படமெடுத்த இடம் அது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாடத்தில் சொன்ன எதுவும் நினைவில் நிற்காத பிள்ளைகளுக்கு இது மாத்திரம் எப்படி நிற்கிறதோ!

பணிமனையில் வயது முதிர்ந்த பிட்டர் ஒருவர் எங்களை அழைத்துச் சென்று காட்டினார். கழற்றி வைத்திருந்த ஒரு பற்சக்கரத்தின் பல்லை விரலால் தடவச் சொன்னார். ஒரு பக்கம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. "தம்பி, ஏறும்போது இந்தப் பக்கம் தேயும். எவ்வளவு தேய்ந்தால் மாற்றவேண்டும் என்பது வரைபடத்தில் இருக்கிறது. ஆனால் வண்டி ஏறும்போது சத்தம் மாறும்; அது எனக்கு முன்பே சொல்லிவிடும்" என்றார். "உதிரிப் பாகம் எங்கிருந்து வரும், ஐயா?" என்று என் மாணவன் கேட்டான். "யார் கொடுப்பார்? நாமேதான் செய்யவேண்டும்" என்று விடை வந்தது.

என் பெரிய கேள்விக்கும் விடை அங்கேதான் கிடைத்தது என்று நினைக்கிறேன். நீலகிரிப் பாதை நிலைத்ததற்குக் காரணங்கள் பல. வெயிற்காலத்தில் சென்னை அரசாங்கமே உதகைக்கு ஏறிப்போன காலம் அது. வெலிங்டனில் படை இருந்தது. தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. எங்கள் மலையில் சாமையும் வாழையும் பயிரிட்ட மலையாளி மக்கள்தாம் இருந்தார்கள். அவர்கள் சுமையைத் தலையிலே சுமந்து இறங்கினார்கள். அவர்களுக்காகப் பல்லுப் பாதை போட யார் பணம் கொடுத்திருப்பார்? வகுப்பில் நான் விளையாட்டாகச் சொன்ன விடையில் பாதி உண்மை இருக்கத்தான் செய்தது. கொண்டையூசி வளைவுகளில் மோட்டார் வண்டி ஏறத் தொடங்கிய பிறகு பல்லுப் பாதைக்குத் தேவையும் இல்லாமற் போயிற்று. ஆனால் தேவை போன பிறகும் நீலகிரியில் எஞ்சின் நிலைத்திருக்கிறதே! ஆட்சி செய்தவர்கள் போய்விட்டார்கள்; சரக்குகளைச் சாலை எடுத்துக்கொண்டது; எஞ்சின் செய்த தொழிற்சாலையும் நீராவி எஞ்சின் செய்வதை விட்டுவிட்டது. பழைய எஞ்சின்களின் உடல் தளர்ந்தது. மழைக்காலந்தோறும் மண் சரிந்து பாதை அடைபட்டது. 2009ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சரிவு மிகக் கொடியது. இத்தனைக்கும் பிறகு அதை நிலைநிறுத்தியவர்கள் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள்தாம்.

இவ்விடத்தில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையைச் சொல்லவேண்டும். பழைய தென்னிந்திய இரயில்வேயின் பெரிய தொழிற்சாலை 1928 முதல் அங்கே இருக்கிறது. விண்டர்தூரில் பிறந்த எஞ்சினைப் பொன்மலைத் தொழிலாளர்கள் கழற்றியும் பூட்டியும், தேய்ந்த பாகத்தை வார்த்தும் கடைந்தும் பழகினார்கள். கடைசியில் 2011இல் முழு எஞ்சினையே செய்து வெளியிட்டார்கள். அது உலை எண்ணெயில் ஓடுவது. நிலக்கரி அள்ளிப்போட்டு ஏற்றத்தில் நீராவியைக் குறையாமல் காப்பதைவிட எண்ணெயில் அது எளிது. தீப்பொறி காட்டில் விழும் அச்சமும் குறைவு. அடுத்த சில ஆண்டுகளில் மேலும் மூன்று வந்தன. 2021இல், பழைய முறைப்படி நிலக்கரியிலேயே ஓடும் ஒன்றையும் அங்கே செய்தார்கள். டார்ஜிலிங்கிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. அங்கே ஓடிய 'பி' இனத்து எஞ்சின்கள் முப்பத்துநான்கில் மூன்று, மலைமீதுள்ள திந்தாரியாப் பணிமனையிலேயே செய்யப்பட்டவை.

2005இல் யுனெஸ்கோ நிறுவனம் நீலகிரிப் பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மரபுச் சின்னம் என்றால் நாம் கண்ணாடிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுகிறோம். புதிதாகச் செய்த எஞ்சினை மரபு என்று எப்படிச் சொல்லலாம் என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். எனக்கு அந்த வாதம் ஏற்கவில்லை. கோயில் தேரின் சக்கரம் உளுத்துப்போனால் ஆசாரி புதுச் சக்கரம் செய்து பூட்டுகிறார்; அதனால் அது வேறு தேர் ஆகிவிடுமா? சக்கரம் செய்யத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லாமற் போனால்தான் தேர் நிலையிலே நின்றுவிடும். எங்கள் அடிவாரத்துக் குறுகிய பாதைகள் மறைந்ததைப்பற்றி எனக்குள்ள வருத்தமும் தண்டவாளம் போனதற்காக மட்டும் அன்று. அவற்றை ஓட்டியவர்களும் செப்பனிட்டவர்களும் கையால் அறிந்திருந்த தொழிலும் அவர்களோடே போய்விட்டதே என்பதுதான்.

மலைக்குத் திரும்பும்போது நாமக்கல்லிலிருந்து கடைசிப் பேருந்து. எழுபது வளைவுகளையும் அந்தப் பையன் எண்ணிக்கொண்டே வந்தான். சுமார் நாற்பதாவது வளைவில் ஓட்டுநர் பல்லிணையைத் தாழ்த்தியபோது என் பக்கம் திரும்பி, "இதுவும் பல்தான், ஐயா, உள்ளே இருப்பதால் தெரியவில்லை" என்றான்.

பத்தாம் வகுப்பு முடித்து அவன் இப்போது சமவெளியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் தொழில் பயில்கிறான். சேர்ந்த புதிதில் ஒரு கடிதம் எழுதியிருந்தான். மூன்று வாரமாக ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்குவதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லையாம். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இன்னும் ஒரு பக்கம் கீற்று தெரிகிறதாம். கை காய்த்துவிட்டது என்றும், குன்னூர்ப் பெரியவருக்கு எழுத முகவரி அனுப்பவேண்டும் என்றும் கேட்டிருந்தான். மறுநாள் தபாலிலேயே அனுப்பிவிட்டேன்.